ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறீர்களா? எந்த ஓட்டலில் தங்கலாம்?

"சார், ஆறாயிரத்துக்குள்ள நல்ல ஓட்டல் எது? ஜிஞ்சரா, லெமன் ட்ரீயா, ஐபிஸா?" வேலையாக வெளியூர் கிளம்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. தொழிற்சாலைகளில் இயந்திரங்களை நிறுவி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற வேலை எனக்கு. ஓட்டல் அறைதான் பாதி வீடு. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதை விட, தெரிந்ததை எல்லாம் ஒரே பதிவில் எழுதிவிடுகிறேன். ஒரு இரவுக்கு ஏறக்குறைய 3,000 முதல் 7,500 ரூபாய் வரை கம்பெனி கொடுக்கும் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை உங்கள் வேலை நன்றாக நடக்க எந்த அறை கைகொடுக்கிறதோ, அதுதான் நல்ல ஓட்டல். லாபியில் தொங்கும் சரவிளக்கோ, நீச்சல் குளமோ நமக்குக் கணக்கில் வராது. இரவு ஒன்பதரைக்கு வந்து, காலை ஏழுக்குக் கிளம்புகிற ஆளுக்கு அந்த ஒன்பதரை மணி நேரம்தான் ஓட்டல்.

எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, வேலை நடக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம். சென்னையில் இதற்கு மேல் முக்கியமான கேள்வியே கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் வேலையை வைத்துக்கொண்டு அண்ணா சாலையில் ரூம் போட்டால், பூந்தமல்லி தாண்டுவதற்குள் பாதித் தெம்பு போய்விடும். சிறுசேரியில் மீட்டிங் என்றால் பழைய மகாபலிபுரம் சாலையிலேயே தங்கிவிடுங்கள். பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி இரண்டையும் பக்கத்து ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். காலை நெரிசலில் அது ஒரு தனிப் பயணம்.

இரண்டாவது, சத்தம். லிஃப்ட் பக்கத்து அறை, சாலையைப் பார்த்த அறை, ஜெனரேட்டருக்கு மேலே உள்ள அறை மூன்றும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, மேசை. சாப்பாட்டு மேசை உயரத்தில் ஒரு மேசை, முதுகு சாயும் நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பிளக் பாயின்ட். இவ்வளவுதான் கேட்கிறேன். இப்போது புதுப்பிக்கிற ஓட்டல்களில் மேசையை எடுத்துவிட்டு வட்டமாக ஒரு காபி டேபிள் போட்டுவிடுகிறார்கள். அறை படத்தில் அழகாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். பதிவு செய்யும் முன் அறைப் படங்களில் மேசை இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, காலை டிபன் எத்தனை மணிக்கு. ஐந்தாவது, ஒழுங்கான ஜிஎஸ்டி பில். இந்த இரண்டையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பெயர்ப்பலகை ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது

ஒரே சங்கிலியின் இரண்டு ஓட்டல்கள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரிய ஓட்டல் பிராண்டுகள் பலவும் சொந்தமாகக் கட்டடம் கட்டுவதில்லை. கட்டடம் ஒரு முதலாளியுடையது. பிராண்டு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு நிர்வாகம் மட்டும் செய்யும், அல்லது பெயருக்கு மட்டும் உரிமம் கொடுத்துவிட்டு நிர்வாகத்தை முதலாளியிடமே விட்டுவிடும். தென்னிந்தியாவில் உள்ள ஃபேர்ஃபீல்டு, ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் ஓட்டல்கள் பலவற்றின் கட்டடம் சம்ஹி என்ற நிறுவனத்துக்குச் சொந்தம். வாசலில் எழுதியிருப்பது அமெரிக்கப் பெயரும் பிரிட்டிஷ் குழுமத்தின் பெயரும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மெத்தை, தலையணை, வைஃபை, டிபன் வகைகள் என்று பிராண்டு எழுதிவைத்த விதிகள் எல்லா ஊரிலும் ஒன்று. குழாயில் வெந்நீர் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, ஏசி எப்போது சர்வீஸ் ஆனது, இரவுப் பணியில் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தின் முதலாளியும் மேனேஜரும் சேர்ந்து முடிவு செய்வது. ஆகவே பிராண்டைப் பார்த்து நான்கு ஓட்டல்களாகச் சுருக்குங்கள். பிறகு அந்தந்தக் கட்டடத்தின் வயதையும், கடந்த மூன்று மாதத்தில் தங்கியவர்கள் எழுதிய கருத்தையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து வருடம் முந்தைய பாராட்டை நம்ப வேண்டாம்.

ஜிஞ்சர்

இந்தியாவில் மலிவான, சுத்தமான, ஒரே தரமான ஓட்டல் சங்கிலி என்ற யோசனையைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்தது டாடா குழுமம். 2004-ல் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இண்டிஒன் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஜிஞ்சர் ஆனது. இதன் அடிப்படைச் சிந்தனையை உருவாக்கியதில் கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாதுக்குப் பங்கு உண்டு. தேவையில்லாததைக் கழித்துவிடு, அடிப்படையைக் குறையில்லாமல் கொடு என்பதுதான் அந்தச் சிந்தனை. பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும், குளியலறையில் பாட்டில் வரிசை இருக்காது. ஆனால் படுக்கை விரிப்பு வெள்ளை வெளேர் என்று இருக்கும்.

2018-க்குப் பிறகு ஜிஞ்சர் முகம் மாறிவிட்டது. புதிய ஓட்டல்கள் நல்ல நிறம், நல்ல வெளிச்சம், கியூமின் என்ற உணவகம் என்று ஒரு படி மேலே போய்விட்டன. மும்பை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 371 அறைகளோடு ஒரு பெரிய ஜிஞ்சரையே கட்டிவிட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பதிவு செய்யும் ஓட்டல் பழைய பாணியா, புதிய பாணியா? படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விலையில் உள்ள வித்தியாசத்துக்கும் அதுவே காரணம்.

லெமன் ட்ரீ

பட்டு கேஸ்வானி 2002-ல் தொடங்கிய நிறுவனம். முதல் ஓட்டல் 2004-ல் குர்கானில், வெறும் 49 அறைகளோடு. இன்று லெமன் ட்ரீ பிரீமியர், லெமன் ட்ரீ, ரெட் ஃபாக்ஸ் என்று விலைக்கு ஒரு படியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2019-ல் கீஸ் ஓட்டல்களையும் வாங்கினார்கள். சென்னையில் கிண்டியில் இருப்பது, விமான நிலையத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையில் வேலை உள்ளவர்களுக்கு வசதி.

நான் இந்தச் சங்கிலியை மதிப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2007-லிருந்து மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கிறார்கள். முதலில் காது கேளாத, வாய் பேச முடியாதவர்கள், பிறகு மற்றவர்களும். காலை டிபன் நேரத்தில் மேசைக்கு வரும் தம்பியின் சட்டையில் அதைச் சொல்கிற வில்லை இருக்கும். நான் மெனுவில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் இரண்டு விரலைக் காட்டி, முட்டை ஒன்றா இரண்டா என்று கேட்டார். பிறகு மிளகாயைக் கிள்ளுவது போலச் சைகை செய்தார்: காரம் வேண்டுமா? கேட்டது கேட்டபடி, சூடு ஆறுவதற்குள் வந்தது. என் ஒரு ராத்திரி வாடகையில் ஒரு பங்கு இப்படி ஒரு சம்பளத்துக்குப் போகிறது என்றால் எனக்கு மனநிறைவு. ஓட்டலை ஒப்பிடும்போது இதையும் ஒரு கணக்காகச் சேர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐபிஸ்

பிரான்சின் அக்கோர் நிறுவனத்துடையது. 1974-ல் போர்தோ நகரில் முதல் ஐபிஸ். இந்தியாவில் பெரும்பாலும் அக்கோரும், இண்டிகோ விமானத்தின் பின்னணியில் உள்ள இன்டர்குளோப் குழுமமும் கூட்டாகக் கட்டியவை. கட்டடமும் பிராண்டும் இப்படி நெருங்கி இருப்பதால் ஊருக்கு ஊர் வித்தியாசம் குறைவு. இதுதான் ஐபிஸின் பெரிய பலம். அறை சிறியது. பெரிய பெட்டி இரண்டு கொண்டுபோனால் ஒன்றை விரிக்க இடம் தேட வேண்டும். ஆனால் படுக்கையில் கஞ்சத்தனம் கிடையாது. ஏதாவது பழுது என்று சொன்னால் 15 நிமிடத்தில் சரி செய்வோம் என்று உலகம் முழுக்க நெடுங்காலம் வாக்குறுதி கொடுத்த சங்கிலி இது. ஓர் இரவு, இரண்டு இரவு, தனி ஆள் என்றால் என் முதல் தேர்வு.

ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், ஃபேர்ஃபீல்டு

இரண்டும் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பயணிகளுக்காகப் பிறந்தவை. ஃபேர்ஃபீல்டு 1987-ல் மேரியட் தொடங்கியது. இந்தியாவில் முதலாவது 2013-ல் பெங்களூர் ராஜாஜி நகரில் வந்தது. ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் ஐஎச்ஜி குழுமத்துடையது. அங்கே வாடகையோடு காலை டிபன் சேர்ந்தே வரும் என்பது உலகம் முழுக்க அவர்களுடைய வழக்கம். தலையணையில் ஒன்று மெத்தென்று, ஒன்று கெட்டியாக என்று இரண்டு வகையும் படுக்கையிலேயே இருக்கும். கழுத்துவலிக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சென்னையில் இரண்டுமே துரைப்பாக்கம் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலும் ஃபேர்ஃபீல்டு இருக்கிறது. கார்த் தொழிற்சாலைகளுக்கும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நான்கைந்து நாள் தொடர்ந்து தங்குவதானால் ஃபேர்ஃபீல்டு அறை எனக்குச் சௌகரியம். உட்கார்ந்து வேலை பார்க்க, துணியை மாட்ட, பெட்டியைத் திறந்தே வைக்க இடம் இருக்கும்.

பெரிய பெயர்கள் வராத ஊர்களில்

மேலே சொன்னவை பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூர், ஹைதராபாத் போன்ற பெரிய ஊர்களில்தான். கரூர், தூத்துக்குடி, நாமக்கல் என்று இறங்கினால் உலகப் பெயர்கள் தீர்ந்துவிடும். அங்கே நம் ஊர் ஆட்கள்தான் கை கொடுக்கிறார்கள்.

நகைக்கடையிலிருந்து ஓட்டலுக்கு வந்த ஜிஆர்டியின் ரீஜென்சி ஓட்டல்கள் தூத்துக்குடி, காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இருக்கின்றன. சைப் என்ற பெயரில் சேலத்திலும் கோவையிலும் சின்னதாக, புதிதாக ஒரு வகையும் நடத்துகிறார்கள். ரெசிடென்சி குழுமம் சென்னை, கோவையோடு கரூரிலும் இருக்கிறது. வீட்டு உபயோகத் துணி வாங்க வெளிநாட்டு வியாபாரிகள் வருகிற ஊர் என்பதால் கரூரில் அப்படி ஒரு ஓட்டலுக்கு வேலை இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழிலிலிருந்தே வந்த பாப்பீஸ். தொழில் நடக்கிற ஊரில் அந்தத் தொழிலை அறிந்தவர்கள் ஓட்டல் நடத்தும்போது ஷிஃப்ட் நேரமும் ஏற்றுமதி அவசரமும் அவர்களுக்கு விளக்காமலே தெரியும்.

டிபன் விஷயத்தில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. எனக்கு முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஓட்டல் பஃபே ஆறரைக்கோ ஏழுக்கோதான் திறக்கும். இது பெரும்பாலான சங்கிலிகளில் வழக்கம். பெரிய பெயர் ஓட்டல்களில் பார்சல் கேட்டால் ஒரு சாண்ட்விச், ஒரு ஆப்பிள், ஒரு ஜூஸ் டப்பா. நம் ஊர் ஓட்டல் ஒன்றில் முந்தின நாள் இரவு ரிசப்ஷனில் இருந்த தம்பியிடம் கேட்டேன். "அஞ்சேகாலுக்கு ரெடியா இருக்கும் சார். இட்லியா, பொங்கலா? சட்னி தனியா கட்டச் சொல்லிடறேன், ஊறிடாம இருக்கும்" என்றார். காலையில் வாழையிலை போட்ட டப்பாவில் இட்லி, கிண்ணத்தில் வடை, பிளாஸ்க்கில் காபி. பகல் முழுக்க இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஐந்து நட்சத்திரம் என்ன இருக்கிறது?

எந்த ஓட்டலானாலும் இரவு ஒன்பது மணிக்குள் பார்சலைச் சொல்லிவிடுங்கள். சமையலறை மூடிய பிறகு சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

முகூர்த்த நாளைப் பாருங்கள்

பயண இணையதளங்கள் எதுவும் சொல்லாத ஒரு விஷயம். மண்டபம் உள்ள ஓட்டலில் வளர்பிறை முகூர்த்தத்துக்கு முந்தின மாலை ரூம் போடாதீர்கள். அன்றைக்குத்தான் கல்யாண ரிசப்ஷன். மாலை ஆறு மணிக்குக் கார் நிறுத்த இடம் இருக்காது, லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும், பதினோரு மணி வரை மெல்லிசைக் குழு. காலையில் டிபன் ஹாலில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அவர்கள் சந்தோஷம் நியாயமானது. மறுநாள் எட்டு மணிக்குப் பிரசன்டேஷன் உள்ளவர் வேறு ஓட்டல் பார்ப்பதுதான் இருவருக்கும் நல்லது. நான் ஆவணி, தை மாதங்களில் நாள்காட்டியைப் பார்க்காமல் ரூம் போடுவதே இல்லை. ஐபிஸ், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் மாதிரி பெரிய மண்டபம் வைத்துக்கொள்ளாத வகைகள் இந்த மாதங்களில் நிம்மதி.

7,500 ரூபாய்க் கோடு

இனி பில். இங்கே பலருக்கும் பணம் சத்தமில்லாமல் போகிறது.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்பு இது 12 ஆக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. நூறு ரூபாய் கூட்டி 7,600 ரூபாய் அறை எடுத்தால் வரியோடு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் 1,093 ரூபாய் ஆகிவிடுகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் விலை வந்தால் ஓட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து பேசுங்கள். கோட்டுக்குக் கீழே கொண்டுவர அவர்களுக்கும் மனம் இருக்கும்.

இன்னொன்று. ஓட்டல் அறைக்கான வரி, அந்த ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலக் கணக்கில் விழும். உங்கள் கம்பெனிக்குத் தமிழ்நாட்டில் மட்டும் பதிவு இருந்து, நீங்கள் பெங்களூரில் தங்கினால், அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. 7,500 வரையிலான அறைகளுக்காக வாங்கும் பொருள், சேவைகளின் வரியை ஓட்டல்காரரும் இப்போது உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. அதனால் எந்த வாடகையில், எந்த மாநிலத்தில் தங்குகிறோம் என்பதை அக்கவுண்ட்ஸ் ஆளிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் கம்பெனி பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் செக்-இன் செய்யும்போதே ஏற வேண்டும். செக்-அவுட்டில் வரிசை நிற்கும்போது திருத்தச் சொன்னால் நேரம் போகும். பிரபலமான ஓட்டல் ஒன்றில் என் பில் வெறும் என் பெயரில் வந்து, அதைத் திருத்தி வாங்க மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் ஜிஎஸ்டி எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றை ஆதாரோடு சேர்த்தே நீட்டிவிடுகிறேன். உணவகப் பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எங்கே பதிவு செய்வது?

விலையை எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். பதிவை முடிந்தவரை ஓட்டலின் சொந்தத் தளத்திலோ போனிலோ செய்யுங்கள். மேரியட், ஐஎச்ஜி, அக்கோர் மூன்றிலும் வேறு பயணத் தளம் வழியாக எடுத்த அறைக்குப் பொதுவாக உறுப்பினர் புள்ளிகள் சேராது. டாடாவில் புள்ளிகளுக்குப் பதில் நியூ காயின் கணக்கு. அதைவிட முக்கியம், கடைசி நேரத்தில் மீட்டிங் தள்ளிப்போனால் நேரடிப் பதிவை மாற்றுவது சுலபம். இடைத்தரகர் நடுவில் இருந்தால் "நீங்க அங்கேயே கேளுங்க சார்" என்று இரண்டு பக்கமும் கையைக் காட்டுவார்கள்.

எங்கள் குழுவில் தனியாகப் பயணம் போகிற பெண் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் கேட்டு வைக்கிற பட்டியல் வேறு: லிஃப்டுக்கு அறைச் சாவி அட்டை வேண்டுமா, கதவில் உள்தாழ்ப்பாளும் பார்வைத் துளையும் இருக்கிறதா, இரவு முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருக்கிறாரா, செக்-இன் செய்யும்போது அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறார்களா. இந்தக் கடைசிப் பழக்கம் உள்ள ஓட்டலில் மற்றதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதற்காக ஆயிரம் ரூபாய் கூடினாலும் கம்பெனி கொடுக்க வேண்டும். இதில் பேரம் பேசுகிற மேலாளர்களை நான் ஏற்பதில்லை.

சுருக்கமாக

ஓர் இரவு, பெரிய நகரம், தனி ஆள்: ஐபிஸ் அல்லது புதிய ஜிஞ்சர். நான்கைந்து நாள், மேசையில் வேலை அதிகம்: ஃபேர்ஃபீல்டு. டிபனோடு சேர்த்து ஒரே விலையில் முடிய வேண்டும்: ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும்: லெமன் ட்ரீ பிரீமியர். கரூர், தூத்துக்குடி, திருப்பூர்: யோசிக்காமல் நம் ஊர்ச் சங்கிலிகள்.

ஓட்டல் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். தூங்காமல் வந்த ஒரு பொறியாளர் ஒரு போல்ட்டைத் தவறாக முறுக்கினால் ஆகும் நஷ்டம், ஒரு வருட ஓட்டல் பில்லைவிட அதிகம். வெளியூர் போகிற ஊழியருக்கு நல்ல அறை கொடுப்பதை வேலையின் ஒரு பகுதியாகக் கம்பெனிகள் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் அதிகாலை டிபன் கட்டிக் கொடுக்கிற, அமைதியான, பில்லில் குழப்பம் இல்லாத ஓட்டல் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஓசூர் பக்கம் வேலை இருக்கிறது. அங்கே இன்னும் ஓட்டல் தேடிக்கொண்டிருக்கிறேன்.